டிபி வந்தவரின் மனச்சோர்வு: மாத்திரை முடிந்தால் தானாகப் போய்விடுமா?

கேள்வி | 2025 ஜனவரி 11

என் மாமாவுக்கு டிபி. அரசு மாத்திரை மூன்றாவது மாதம் ஓடுகிறது. சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார், “எதுக்கு இந்த மாத்திரை” என்று கேட்கிறார். வீட்டில் எல்லோரும் “நோய் போனால் மனசும் தானாகச் சரியாகும், இதுக்கெல்லாம் தனி டாக்டர் வேண்டாம்” என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜனவரி 11, இரவு

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காரணம், என் தம்பி.

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். இருமல் நிற்கவில்லை, எடை இறங்கியது. சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான். காய்ச்சல் போனது, இருமல் போனது, எடைகூட ஏறியது. மாத்திரை அட்டைகள் முழுசாகத் திரும்பி வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். மாத்திரை கொடுத்த இடத்தில் “உடம்பு தேறிடுச்சு, அலட்சியம் வந்துடுச்சு” என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அவன் இரவில் தூங்குவதே இல்லை. திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பான். கேட்டால், “நான் நல்லா ஆகி என்னக்கா பண்ணப் போறேன்?” என்பான்.

இப்படிக் கேட்கிறவனை அலட்சியக்காரன் என்று எப்படிச் சொல்வது? உங்கள் மாமா கேட்பதும் அதே கேள்விதான். அவரை நாளைக்கே யாராவது உட்கார வைத்துப் பேச வேண்டும். மாத்திரை முடியட்டும் என்று காத்திருந்தால் மாத்திரையே நின்றுபோகும். பாதியில் நின்றால் நோய் திரும்பி வரலாம், மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகவும் மாறலாம்.

ஜனவரி 12

காலையில் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டிபிக்கே களைப்பு, பசியின்மை, எடை குறைவு, தூக்கமின்மை எல்லாம் உண்டு. மனச்சோர்வுக்கும் அதே அறிகுறிகள். எது எது என்று எப்படிப் பிரிப்பது?”

நல்ல கேள்வி. முதல் சில வாரங்களில் பிரிப்பது கஷ்டம்தான். ஆனால் மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், களைப்பு குறையும். அப்படி உடம்பு மேலே வரும்போது மனம் மட்டும் கீழேயே கிடந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, உடம்புக் களைப்பில் இருப்பவருக்கு ஆசைகள் போவதில்லை. எழுந்து நடக்க முடியாவிட்டாலும் பேரனைப் பார்த்தால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த மலர்ச்சியே போய்விடும். என் தம்பிக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். டிவியில் மேட்ச் ஓடும், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு முதலில் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டே கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்த மாதிரி இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாட்கள்’ என்றால் 1, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்றால் 2, ‘கிட்டத்தட்ட தினமும்’ என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். விரிவான படிவத்தில் ஒன்பது கேள்விகள். பிஎச்கியூ-9 என்பது அதன் பெயர், இலவசமாகவே பயன்படுத்தலாம். கூட்டுத்தொகையை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. மருத்துவரிடம் கூட்டிப் போவதா வேண்டாமா என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12, மாலை

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கேள்வி எது என்பது போலவே கேட்பவர் யார் என்பதும் முக்கியம். அம்மா கேட்டபோது தம்பி “ஒண்ணுமில்ல” என்று முடித்துவிட்டான். நான் கேட்டாலும் பாதிதான் சொல்வான். அவனோடு ஒரே ஷிப்டில் தறி ஓட்டிய சிநேகிதன் ஒருநாள் வந்து டீக்கடைக்குக் கூட்டிப்போனான். எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. முதலாளி திரும்ப வேலைக்கு எடுப்பாரா என்று பயம், வாங்கின முன்பணம் நினைத்துப் பயம், பேசி வைத்திருந்த பெண் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயம். மாமாவுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். யார் என்று கண்டுபிடியுங்கள்.

ஜனவரி 13

“தட்டு, டம்ளர் எல்லாம் தனியாகத்தான் வைத்திருக்கிறோம், பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம்” என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். கோபம் வந்தது. கோபத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

டிபி காற்றில் பரவும் நோய். நுரையீரல் டிபி உள்ளவர் இருமும்போது வெளியே வரும் நுண்துளிகளை மற்றவர் சுவாசித்தால் பரவும். தட்டில் பரவாது. டம்ளரில், துணியில், கை கொடுப்பதில் பரவாது. பாதுகாப்பு வேண்டுமா? ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். ஆரம்ப வாரங்களில் மாஸ்க் போடட்டும், காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுக்கட்டும். சாதாரண டிபியில் சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரம் போனாலே பெரும்பாலானோரிடம் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் மாமாவுக்குச் சளியில் கிருமியே இல்லை என்று வந்தாகிவிட்டது. இன்னும் எதற்குத் தனித்தட்டு?

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். கூட வசிக்கும் பெரியவர்களுக்கும் இப்போது பரிசோதனையும் தடுப்பு மருந்தும் உண்டு. குழந்தைக்கு உண்மையான பாதுகாப்பு அந்த மருந்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அம்மா தனித்தட்டு வைத்தாள். பாசத்தில்தான், பயத்தில்தான். ஒரு நாள் அவன் அந்தத் தட்டைக் கழுவி அவனே கொண்டுபோய் வாசலில் வைத்தான். அன்றைக்கே நான் அதை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டேன்.

ஜனவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

“பேசாமல் ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமே, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி” என்ற கருத்துக்கு.

ஒரு காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். மலையோரம், காற்றோட்டமான இடம், சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து தொடங்கியது. ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் வந்துவிட்டது.

அந்தப் பழக்கத்தை மாற்றிய ஆராய்ச்சி நடந்தது சென்னையில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை முன்னின்று நடத்தினார். நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீட்டிலேயே மருந்து, இன்னொரு பிரிவுக்கு சானடோரியம். இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சானடோரியம் வேண்டாம், வீடே போதும் என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் நம் ஊர். அந்த வீட்டுக்குள்ளேயே ஆளை ஒதுக்கி வைத்தால் என்ன பிரயோஜனம்?

நிலைமை மோசமானவர்களை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரல் முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடக்கிறது. டிபி என்று தெரிந்தவுடன் உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எவ்வளவு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருந்தால் உடனே சேர்க்கிறார்கள். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் ஆசைப்படுகிறேன், அந்தப் பட்டியலின் அடியில் நேற்று எழுதிய இரண்டு கேள்விகளும் இருக்கலாமே? எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறவர் தூங்க முடிகிறதா என்றும் கேட்டுவிடலாம்.

ஜனவரி 15

மருந்தே மனசைக் கெடுக்குமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

சாதாரண டிபிக்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பூட்டால். அப்புறம் நான்கு மாதம் பைரசினமைடு மட்டும் நின்றுவிடும், மற்ற மூன்றும் தொடரும். இதில் ஐசோனியசிட் அரிதாகச் சிலருக்கு மனக்குழப்பத்தைக் கொண்டுவரும். இல்லாத குரல் காதில் கேட்பது, அதீத சந்தேகம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். கை கால் மரத்துப்போவது அதைவிடச் சகஜம். அதைத் தடுக்கத்தான் கூடவே பி6 என்ற பைரிடாக்சின் மாத்திரை கொடுப்பார்கள். ‘வைட்டமின்தானே’ என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குக் கொடுக்கும் மருந்துகளில் சைக்ளோசெரின் மனநிலையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. மனச்சோர்வு, மனக்குழப்பம், சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரலாம். அதை எடுப்பவரின் வீட்டார் இதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்போது நல்ல செய்தி என்னவென்றால், பெடாகுயிலின், ப்ரெடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. பழைய நீண்ட சிகிச்சையை நினைத்தால் இது பெரிய விடுதலை.

ஆனால் இந்த லினசோலிட்டும் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் ஒத்துப்போகாது. ரிஃபாம்பிசின் இன்னொரு விதம். பல மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும், அவற்றின் வேலை குறைந்துபோகும். ஆகவே மனநல மருத்துவரிடம் போகும்போது டிபி கார்டைக் கையில் கொண்டுபோங்கள். டிபி டாக்டரிடம் போகும்போது மனநல மருந்துச் சீட்டைக் கொண்டுபோங்கள். மெடிக்கலில் போய் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கவே வேண்டாம்.

ஒரு பெண் கேட்டிருந்ததற்கும் இதுதான் பதில்: ஆமாம், ரிஃபாம்பிசின் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. வேறு முறை பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

ஜனவரி 15, இரவு

மருந்து பற்றிப் பேசும்போது ஒரு வரலாறு. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் இருக்கும் சீவியூ மருத்துவமனையில் டிபி நோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்ற புது மருந்து கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள், பசி எடுத்தது, சிரித்துப் பேசினார்கள். அப்புறம் அதையே மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உலகின் முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்று இப்படி டிபி வார்டில் பிறந்தது. கல்லீரலைப் பாதித்ததால் பிறகு கைவிட்டார்கள்.

ஜனவரி 16

“அப்படியானால் ஐசோனியசிட் சாப்பிட்டாலே மனச்சோர்வு போய்விடுமே” என்று ஒருவர். இல்லை. ஐப்ரோனியசிட் அதன் நெருங்கிய உறவு, ஆனால் வேறு மருந்து. இன்று நம் ஊரில் கொடுப்பது ஐசோனியசிட். அதை மனச்சோர்வுக்கு மருந்தாக நம்பி இருக்க வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐசோனியசிட் எடுக்கும்போது சூரை மீன் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும். இதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. மாத்திரை முடியும்வரை சூரையைத் தவிர்த்துவிட்டு வேறு மீன் சாப்பிடுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதும் ரிஃபாம்பிசினால்தான், ரத்தம் இல்லை. தம்பி முதல் நாள் பாத்ரூமிலிருந்து அலறியடித்து ஓடி வந்தான். மாத்திரை கொடுத்தவர் ஒரே ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பயம் மிச்சம். பிற்பாடு அவன் தெருவில் புதிதாக மாத்திரை ஆரம்பித்த ஒருவரிடம் போய், “அண்ணா, நாளைக்குக் காலையில கலர் படம் ஓடும், பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் வாயில் வேடிக்கைப் பேச்சு திரும்பி வந்த நாள் அது. அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜனவரி 18

குடிப்பழக்கம் பற்றி ஒரு அக்கா நீளமாக எழுதியிருக்கிறார். கணவர் மாத்திரையும் எடுக்கிறார், சாயங்காலம் குடிக்கவும் செய்கிறார், கேட்டால் “அது இல்லாம தூக்கம் வராது” என்கிறார்.

அக்கா, டிபி மாத்திரையே கல்லீரலுக்குச் சுமை. மதுவும் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரை போகலாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், உடனே ஆஸ்பத்திரி. ஆனால் “குடிச்ச நாளில் மாத்திரை வேண்டாம்” என்று அவர் தானாக விட ஆரம்பிப்பார் பாருங்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே இதையும் பார்ப்பார்கள். அவர் தூக்கம் வரவில்லை என்று சொல்வதைச் சாக்கு என்று தள்ள வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியதே அந்தத் தூக்கம்தான்.

ஜனவரி 19

பணம். இதைப் பேசாமல் மனசைப் பற்றிப் பேச முடியாது.

சிகிச்சை நடக்கும் மாதங்களில் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்குக்கு அரசு பணம் போடுகிறது. 2018 ஏப்ரலில் தொடங்கியபோது மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். பதிவு எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் சரியாக இணைந்திருக்கிறதா என்று மாமாவுக்காக நீங்கள் பாருங்கள். தம்பிக்கு ஏதோ இணைப்புக் கோளாறில் பணம் வரவே இல்லை, அலைந்த பிறகுதான் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் வந்த அன்று அவனே போய் முட்டையும் கடலையும் வாங்கி வந்தான்.

சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்று ஜார்க்கண்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2023-ல் வெளியானது. நோயாளியின் வீட்டாருக்கும் ஊட்டச்சத்துப் பொருட்கள் கொடுத்தபோது அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைவாக இருந்தது. மனச்சோர்வில் இருப்பவர் முதலில் விடுவது சாப்பாட்டைத்தான். மனசைக் கவனிப்பதும் டிபிக்கான வைத்தியம்தான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இது.

ஜனவரி 20

“ஹெச்ஐவிக்கு ஆலோசகர் இருக்கிறார், டிபிக்கு ஏன் இல்லை” என்று கேட்டவருக்கு: டிபி நோயாளிகள் எல்லோருக்கும் ஹெச்ஐவி பரிசோதனை செய்கிறார்கள். அதற்காக நம்பிக்கை மையம் என்கிற ஹெச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையத்துக்குப் போகும்போது அங்கே ஆலோசகரைச் சந்திப்பீர்கள். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஹெச்ஐவிக்குத் தொடக்கத்திலேயே, பேசுவதும் சிகிச்சைதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். டிபி அதைவிடப் பழைய நோய், ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882-ல். இத்தனை காலத்துக்குப் பிறகும் மாத்திரையை எண்ணுகிற அளவுக்கு மனசை விசாரிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஜனவரி 22

கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார்: மாமா நேற்று “நான் இருந்து யாருக்கு லாபம்” என்றாராம்.

இதற்கு மேல் காத்திருக்காதீர்கள். இன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். நேராகவே கேளுங்கள், “சாகணும்னு தோணுதா?” என்று. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. கேட்ட பிறகு பாரம் குறைந்தது என்றுதான் பலர் சொல்வார்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. மாமாவே பேச மறுத்தால் நீங்கள் பேசி என்ன செய்வது என்று கேளுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் எடுத்து வேறிடத்தில் வையுங்கள், மாத்திரைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்துக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 108.

நாளைக் காலை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். டிபி கார்டு மறக்க வேண்டாம்.

ஜனவரி 24

மாமா மனநலப் பிரிவுக்குப் போய் வந்தார், மருந்து கொடுத்திருக்கிறார்கள், திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். அந்த மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியும் அப்படித்தான் “இது வேலைக்காகாது” என்றான். சிநேகிதன்தான் தினமும் வந்து இழுத்துப் பிடித்தான்.

பிப்ரவரி 2

தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பவர்களுக்கு: டிபி மாத்திரையை முடித்துவிட்டான். மனநல மாத்திரை இன்னும் கொஞ்சநாள் தொடர்கிறது, டாக்டர் சொல்லும்போதுதான் குறைப்பார்கள். தறிக்குப் போகிறான், இரவு ஷிப்ட் மட்டும் வேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறான். அந்தப் பெண் வீட்டாரிடம் அவனே நேரில் போய்ச் சொன்னான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவன் விருப்பமில்லாமல் இங்கே எழுதமாட்டேன்.

சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். மாமாவுக்கும் அது பொருந்தும். அடுத்த தடவை போகும்போது எடை பார்ப்பவரிடம், தூக்கம் எப்படி என்றும் கேட்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.